கேயோஸ் லேசர் பெட்டிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் கணக்காய்வு நிறுவனம் வெள்ளவத்தையில், கிளை வத்தளையில். நடுவில் வாடகை பைபர் இணைப்பு. ‘கேயோஸ் லேசர்’ பூட்டினால் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்று ஒரு முகவர் சோடிப் பெட்டிக்கு விலை தந்திருக்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். முற்பணம் கேட்டால் பேச்சை அதோடு நிறுத்துங்கள்.

விஞ்ஞானம் பொய்யில்லை. குறைகடத்தி லேசரின் ஒளியில் கொஞ்சத்தைக் கண்ணாடி வைத்து அதற்குள்ளேயே திருப்பிவிட்டால் லேசர் நிலைகுலைந்து, ஒளி தாறுமாறாக ஏறி இறங்கும். ‘கேயோஸ்’ என்பது இந்தத் தாறுமாறு ஆட்டம்தான். அந்த ஆட்டத்துக்குள் தகவலைச் சின்னதாகக் கலந்து அனுப்புவார்கள். மறுமுனையில் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒத்த இன்னொரு லேசர். அது ஆட்டத்தைப் பின்பற்றும், தகவலை அவ்வளவாகப் பின்பற்றாது, ஆகவே வந்ததிலிருந்து அதைக் கழித்தால் தகவல் மிஞ்சும். 2005இல் ஏதென்ஸ் நகரில் 120 கிலோமீற்றர் பைபரில், செக்கனுக்கு 1 கிகாபிட் அளவில், இதைச் செய்தே காட்டினார்கள். உங்கள் முகவரும் அதைத்தான் காட்டியிருப்பார்.

ஆனால் அது ஆராய்ச்சிக் குழு, அவர்கள் கையில் இருந்த பைபர். உங்களுடையது ‘தனி இணைப்பு’ என்று பில்லில் இருந்தாலும், வழியில் சேவை நிறுவனத்தின் சுவிட்ச் ஒளியை மின்சாரமாக்கி, பூச்சியமா ஒன்றா என்று மட்டும் பார்த்து, புதிதாக ஒளி அனுப்பும். தாறுமாறு அலை அங்கேயே முடிந்தது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: இரண்டு முனைக்கும் இடையில் எந்த இலத்திரனியல் கருவியும் இல்லாத வெறும் இழையை, அதாவது டார்க் பைபரை, வாடகைக்கு எடுத்திருந்தால் அலை போய்ச்சேரும். நடுவில் ஒளியை ஒளியாகவே பெருக்கும் கருவி இருந்தாலும் பரவாயில்லை. உங்களுடையது அதுவா என்று சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

சரி, டார்க் பைபர்தான் என்றே வைப்போம். மறைத்த தகவலைத் திறக்கும் திறப்பு இங்கே லேசரேதான். ஒரு முனையில் எரிந்துபோனால் அதற்குப் பொருந்தும் சோடியை அதே முகவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும், விலையும் அவர் சொன்னதுதான். அப்புறம், கண்ணாடி 15 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் ஒளி போய்த்திரும்ப ஒரு நானோசெக்கன். அந்த இடைவெளியும் இரகசியத்தில் ஒரு பங்கு. கவனமாக மறைக்காவிட்டால் அது அலையில் தடமாக விழும், பதிவுசெய்து கணினியில் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அலைகாட்டியில் கோடு கிறுக்குத்தனமாக ஆடுகிறது, ஆகவே பாதுகாப்பு என்று காட்டுவார்கள். ஆட்டம் அத்தாட்சி இல்லை ஐயா, இரைச்சலும் அப்படித்தான் ஆடும். அதே ரகத்தில் மூன்றாவது லேசரை வைத்தும் ஒட்டுக்கேட்க முடியவில்லை என்று காட்டு என்று சொல்லுங்கள், ஆள் திரும்பி வரமாட்டார். நம்மூர் விலைமனுப் படிவங்களில் ‘அதிநவீன தொழில்நுட்பம்’ என்று கேட்பார்களே தவிர, சுயாதீனமான பரிசோதனை அறிக்கையை யார் கேட்கிறார்கள்? இந்த வியாபாரிகள் பிழைப்பது அதில்தான்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு ரவுட்டர்களிலும் ஐபிசெக், அதாவது இணைப்பில் போகும் தகவலை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி. அதில் மறைகுறியாக்கும் முறையாக ஏஇஎஸ்-256. ஏஇஎஸ் முறை 2001 முதல் பகிரங்கத் தரநிலை, உலகமே உடைக்கப் பார்த்தும் நிற்கிறது. திறப்பு களவுபோனால் மாற்றிவிடலாம், லேசரை அப்படி மாற்ற முடியாது. உங்கள் ரவுட்டரில் அந்த வசதி ஏற்கனவே இருக்கக்கூடும், பூட்டித் தந்தவரைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். வத்தளைக் கிளையில் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தால் அதையும் இன்றைக்கே மாற்றுங்கள்.