பேஸ் கிட்டார்ல மாட் பண்றதுன்னா என்ன, ஒவ்வொருத்தருக்கும் ஏன் ஒவ்வொரு டோன் புடிக்குது?

மாட்னா வாங்கின பேஸ்ல கம்பி, பிக்கப் (கம்பியோட அதிர்வைப் புடிச்சு மின்சார சிக்னலா மாத்துற பாகம்) மாதிரி எதையாச்சும் மாத்தி சத்தத்தை நமக்குத் தோதா ஆக்கிக்கிறது. கம்பி அதிரும்போது அடிச்சுரத்தோட மேல்சுரங்களும் கூடவே வரும், அதுல எது தூக்கலா கேக்குதுங்கறதுதான் டோன், பிக்கப் பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் கம்பியைத் தாங்குற பாகம்) பக்கம் இருந்தா கூர்மை, கழுத்துப் பக்கம் வந்தா கனம். நம்ம காரைக்குடி வீடுகள்ல இருக்கற வெங்கலப் பானையைத் தட்டுனா கணீர்னு கேக்கும்ல, அதையே துணி சுத்தித் தட்டிப் பாருங்க, தொம்முன்னு அடங்கிரும். அதே மாதிரிதான் ஜேம்ஸ் ஜேமர்சன்ங்கற பேஸ் கலைஞர் பிரிட்ஜ்கிட்ட ஃபோம் வச்சு, வழவழப்பான பழைய கம்பியிலயே வாசிச்சாரு, அவருகிட்ட கேக்குறது அந்தத் தொம்தான். இன்னொரு பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃபிரெட் (கழுத்துல குறுக்க பதிச்ச உலோகக் கம்பி) இல்லாத பேஸ்ல, விரல் வைக்கற பலகை மேல எபாக்ஸிங்கற கெட்டிப் பிசினைப் பூசி பாடுற மாதிரி வாசிச்சாரு. ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க, ஆனா எனக்கு ஜேமர்சன்தான் உசுரு! விலை கூடின பிக்கப் போட்டாத்தான் டோன் வரும்னு நெனைக்காதீங்க, மொதல்ல கம்பியையும் விரல் மீட்டுற எடத்தையும் மாத்திப் பாருங்க.