கல்யாண கேசட்டும் கலர் பெட்டியும்: சில கேள்விகள்

கேள்வி: அப்பா அம்மா கல்யாண விஎச்எஸ் கேசட்டைக் கணினிக்கு மாற்றப் போகிறேன். முகமெல்லாம் ஆரஞ்சாக இருக்கிறது. வீடியோ சிக்னலின் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் ப்ராக் ஆம்ப் பெட்டி வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆரஞ்சுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். அந்தக் கால வீடியோ லைட்டின் மஞ்சள் அது, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய கேமராவில் செய்யும் அமைப்பு) பார்க்காமலே எடுத்திருப்பார்கள். ப்ராக் ஆம்ப்பில் பெரும்பாலும் பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட், கலர், ஹியூ (நிறச் சாயல்) என்று நாலு குமிழ்தான் இருக்கும், சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியாகத் திருக முடியாது. அதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம்.

கேள்வி: அப்புறம் அந்தப் பெட்டி எதற்குத்தான்?

பதில்: மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்கு! எட்டு பிட் வீடியோவில் வெளிச்சத்தின் அளவு எண் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235. டேப்பிலிருந்து வரும் வெளிச்சம் அதைத் தாண்டிப் போனால் சில கேப்சர் கார்டுகள் (டேப் சிக்னலைக் கணினிக்குள் ஏற்றும் கருவிகள்) மேலே உள்ளதை அப்படியே வெட்டிவிடும், வேட்டி மடிப்பெல்லாம் போய் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அதனால் கார்டுக்குள் நுழைவதற்கு முன்பே அடக்கியாக வேண்டும். ஆனால் காசைக் கொட்டும் முன் கார்டின் சொந்த அமைப்பில் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்துப் பாருங்கள். மடிப்பு தெரிய ஆரம்பித்தால் வேலை முடிந்தது, தனிப் பெட்டி வேண்டாம். வெள்ளை வெறும் சாம்பலாகி மடிப்பு மட்டும் வரவில்லையென்றால், கார்டு வெட்டிய பிறகுதான் குறைக்கிறது என்று அர்த்தம், அப்போதுதான் பெட்டி தேவை. ஹிஸ்டோகிராம் (படத்தில் எந்த வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்க்கும்போது ஓரத்துக் கறுப்புப் பட்டையையும் அடியில் துடிக்கும் கோடுகளையும் ஒதுக்கிவிடுங்கள், அதையும் சேர்த்தால் அளவு ஏமாற்றும்.

கேள்வி: படத்தில் தூண்களெல்லாம் நெளிகின்றன. ப்ராக் ஆம்ப் நிறுத்துமா?

பதில்: நிறுத்தாது. அது டிபிசியின் (படக் கோடுகளின் நேரப் பிசகைச் சரிசெய்யும் சர்க்யூட்) வேலை. லைன் டிபிசி உள்ளேயே இருக்கும் எஸ்-விஎச்எஸ் டெக் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை பிளேயர்) கிடைத்தால் அதுதான் முதல் செலவு. கிடைக்காவிட்டால் பானசோனிக் ஈஎஸ்10 டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்து சிக்னலை அதன் வழியே விடுங்கள், பழசாகக் கிடைக்கும், நெளிவு நன்றாகவே அடங்கும். டெக்கில் எஸ்-வீடியோ (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் இணைப்பு) இருந்தால், இரண்டையும் கலந்து அனுப்பும் மஞ்சள் வயரைத் தொடாதீர்கள். கையில் ஒரே பட்ஜெட் என்றால், என்னைக் கேட்டால், டெக், டிபிசி, அப்புறம்தான் ப்ராக் ஆம்ப்.

கேள்வி: என் பெட்டியில் ஹியூ குமிழைத் திருகினால் எதுவுமே மாறவில்லை. பழுதா?

பதில்: நம்மூர் டேப் பால் (PAL) என்ற கலர் டிவி முறை. நிற சிக்னலின் கட்டப் பிழையை (சாயலை மாற்றிவிடும் பிசகு) அது அடுத்தடுத்த கோடுகளில் தானே சமன்செய்துகொள்ளும், அதனால் பல பெட்டிகளில் பாலுக்கு அந்தக் குமிழ் சும்மா. அமெரிக்காவிலிருந்து வந்த என்டிஎஸ்சி (அந்த ஊர் கலர் டிவி முறை) டேப்பைப் போட்டுத் திருகுங்கள், முகம் பச்சைக்கும் ஊதாவுக்கும் ஓடும்.