தானியத்தில் வண்டு: எந்தப் பொறி வாங்கலாம்?

கேள்வி: மூட்டையாக வாங்கிவைத்த கோதுமையில் வண்டு தென்படுகிறது. மருந்து போட மனமில்லை. கடையில் துளை போட்ட குழாய்ப் பொறி, பசை அட்டைப் பொறி என இரண்டு காட்டுகிறார்கள். எதை வாங்குவது? வைத்தால் வண்டு அடியோடு ஒழியுமா?

பதில்: குழாயை வாங்குங்கள். பசை அட்டையோடு வரும் கவர்ச்சிப் பொருள் பெரும்பாலும் அந்துப்பூச்சிக்கானது. அதுவும் ஆண் அந்தை மட்டும்தான் இழுக்கும், வண்டு அந்தப் பக்கமே போகாது. எந்தப் பூச்சிக்கு என்று பெயர் போடாமல் ‘எல்லாப் பூச்சிகளுக்கும்’ என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம்.

குழாயைத் தானியத்துக்குள் நேராகச் செருகினால், ஊர்ந்து திரியும் வண்டு துளை வழியே நுழைந்து அடிக்கிண்ணத்தில் விழும். துளை சுமார் 2 மி.மீ. இருக்கட்டும். கேழ்வரகு மாதிரிப் பொடி தானியம் அதிலும் கொட்டி அடைத்துக்கொள்ளும். மாவுக்கும் இது உதவாது. கிண்ணம் கழற்ற வர வேண்டும், உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் சிவப்பு மாவு வண்டு ஏறி வந்துவிடும். நீள மூக்குள்ள கூன்வண்டோ கண்ணாடியிலேயே ஏறும். அதனால் கிண்ணத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிடுங்கள்.

அடியோடு ஒழியுமா என்றால், ஒழியாது. வாங்கும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். விழுவது நடமாடும் வண்டு மட்டும்தான். பெண் கூன்வண்டு மூக்கால் மணியைக் குடைந்து, உள்ளே முட்டை வைத்து, பசை போன்ற ஒன்றால் துளையை மூடிவிடும். பார்த்தால் மணி முழுசாகவே தெரியும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வெப்பமான சமயத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக ஓட்டை போட்டு வெளியே வரும். நாலு நாள் கிண்ணம் காலியாக இருந்தது என்று பொறியை எடுத்துவிடாதீர்கள். ஒன்றரை மாதமாவது இருக்கட்டும்.

கையால் அள்ளினாலே வண்டு வருகிறதென்றால் பொறி மட்டும் போதாது. தானியத்தைச் சிறு பைகளாகப் பிரித்து, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் 4 நாளாவது வையுங்கள். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். குளிர் முழுக்க விட்ட பிறகு டப்பாவில் கொட்டி, அப்புறம் குழாயைச் செருகுங்கள். அடுத்த முறை வாங்கும் தானியத்துக்கு முதல் நாளே செருகிவிடுங்கள். முட்டை வைக்கும் முன்பே பிடித்துவிட்டால் அந்த ஒரு வண்டோடு அதன் குஞ்சு குளுவானும் ஒழிந்த மாதிரி.

பயறுக்கும் சேர்த்து வாங்குவதானால், மேல்முனையில் வண்டு விழும் குழியும் உள்ள வகையைக் கேளுங்கள். பயறு வண்டு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே சுற்றும்.