ஃப்ளூ ஊசி போட்டும் காய்ச்சல் வருகிறதே? பெற்றோர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

ஐப்பசி மழைக்கு முன்பே குழந்தைகளுக்கான ஃப்ளூ தடுப்பூசி பற்றிப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். வேலூர் வட்டாரத்துப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்குக் குழந்தைகள் மருத்துவராக என் பதில்கள் இவை.

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்: போன ஆண்டு என் மூன்று வயது மகனுக்கு ஃப்ளூ ஊசி போட்டோம் டாக்டர். ஆனாலும் கார்த்திகை முழுக்கச் சளி, இருமல், நடுவில் காய்ச்சல். ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்தது வீண்தானே?

வீண் இல்லை அம்மா. மழைக்காலச் சளிக்குக் காரணமான வைரஸ்கள் பல. ரைனோ, ஆர்.எஸ்.வி. போன்றவற்றை இந்த ஊசி தொடாது. அது தடுப்பது ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்ஸாவை மட்டும்தான், அதையும் முழுமையாக அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, 2 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளில், ஊசி போடாதவர்களில் 100-க்கு 30 பேருக்கு ஃப்ளூ வந்தது. போட்டவர்களில் 11 பேருக்கு வந்தது.

ஆனால் நான் இந்த ஊசியை மூக்கு ஒழுகுவதை வைத்து எடைபோடுவதில்லை. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போகிறதா என்பதே எனக்கு முக்கியம். அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் 17 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், உயிருக்கு ஆபத்தான ஃப்ளூ வரும் வாய்ப்பு ஊசி போட்ட குழந்தைகளுக்கு 75 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தப் பருவத்தில் பரவிய 'பி' வகை வைரஸ் ஊசியில் இருந்ததோடு சரியாகப் பொருந்தவில்லை. அப்படியிருந்தும் கடுமையான நோயிலிருந்து ஊசி காத்தது. 2010 முதல் 2014 வரை அங்கே ஃப்ளூவால் இறந்த குழந்தைகளில் 291 பேரின் தடுப்பூசி விவரம் தெரியவந்தது. அவர்களில் ஊசி போட்டிருந்தவர்கள் 75 பேர் மட்டுமே. இறப்பு அபாயம் ஆரோக்கியமான குழந்தைகளில் 65 சதவீதமும், ஏற்கெனவே நோயுள்ள குழந்தைகளில் 51 சதவீதமும் குறைந்ததாக அந்த ஆய்வு கணித்தது.

உங்கள் மகன் இருமினான், வீட்டிலேயே தேறினான். அவனுக்கு வந்தது ஃப்ளூதானா என்பது பரிசோதிக்காமல் தெரியாது. இந்த ஆண்டும் தவறாமல் போடுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தாத்தா: என் பேரன் திடகாத்திரமான பையன். இதெல்லாம் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குத்தானே?

அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும் ஐயா. ஆனால் ஃப்ளூவால் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதற்கு முன் எந்த நோயும் இருப்பதில்லை என்று அமெரிக்கப் பதிவுகள் காட்டுகின்றன. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடும்படி இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கம் பரிந்துரைப்பது இதனால்தான்.

பேரணாம்பட்டிலிருந்து ஒருவர்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட ஊசிகளிலேயே இன்ஃப்ளூயன்ஸா இருக்கிறது என்றார்களே?

அங்கே போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருப்பது ஹிப், அதாவது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி என்ற பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து. பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது, ஃப்ளூ வைரஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஃப்ளூ ஊசி அரசின் வழக்கமான இலவச அட்டவணையில் இல்லை. இதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. உங்கள் ஊரில் பீடி சுற்றும் ஒரு தாய்க்கு இந்த ஊசியின் விலை சில நாள் கூலி. ஆஸ்துமா, பிறவி இதயக் கோளாறு, சிறுநீரக நோய் உள்ள பிள்ளைகளுக்காவது அரசு இதை இலவசமாகத் தர வேண்டும். அதுவரை, வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டுமே செலவழிக்க முடியும் என்றால், இப்படிப்பட்ட நோயுள்ள குழந்தைக்கு முதலில் போடுங்கள்.

காட்பாடியிலிருந்து ஒரு தந்தை: எந்த மாதத்தில் போடுவது?

டெல்லியிலும் கொல்கத்தாவிலும் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறுகிறது. சென்னையிலும் வேலூரிலும் உச்சம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருவதாக நாடு தழுவிய கண்காணிப்பில் தெரிந்தது. ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஆகவே ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள் தம்பி. பலரும் இரண்டாம் தவணையை மறந்துவிடுகிறார்கள். முதல் தவணையோடு நிறுத்தினால் சிறு குழந்தைக்குப் பாதுகாப்பு அரைகுறைதான். அடுத்த ஆண்டிலிருந்து ஒரு தவணை போதும். தாமதமாகிவிட்டால் விட்டுவிடாதீர்கள், நவம்பரில் போட்டாலும் பயன் உண்டு.

ஆம்பூரிலிருந்து: குழந்தைக்கு நான்கு மாதம். போடலாமா?

ஆறு மாதத்துக்கு முன் கூடாது. தாய், தந்தை, அண்ணன், அக்கா போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் காப்பு கிடைக்கும்.

வாலாஜாப்பேட்டையிலிருந்து: முட்டை ஒவ்வாமை இருந்தால்? ஊசியாலேயே ஃப்ளூ வருமா?

முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் போடலாம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் கை வலி, லேசான காய்ச்சல் இருக்கலாம்.

அணைக்கட்டிலிருந்து ஒரு பாட்டி: நிலவேம்புக் குடிநீர் கொடுத்தால் போதாதா? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

நிலவேம்பு ஊசிக்கு மாற்றாகாது பாட்டி. அதைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மருந்தை மருத்துவர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

குழந்தை அழாமல் மடியில் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் மூச்சு வேகமாக இருக்கிறது. உடனே காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினாலும் தாமதிக்காதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது. ஃப்ளூவின்போது குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழிவகுக்கும். இரவில் பஸ் இல்லை, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.