வாசகர் கேள்வி பதில்: ஏடிஎச்டி உள்ள ஓவியர்களுக்குத் தொழில் பாடம்

வடசென்னையில் ஓவியர்களுக்கும் சுவர் எழுதுபவர்களுக்கும் தொழில் பயிற்சி கொடுக்கும் வாசகர்கள் சிலர் ஒரே விஷயத்தைச் சுற்றி எழுதியிருக்கிறார்கள். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு எந்த மாதிரிப் பாடம் உதவும் என்பதுதான் கேள்வி. ஓவியர் ஒருவரும் எழுதியிருக்கிறார்.

வியாசர்பாடியிலிருந்து: வாரம் ஒரு வகுப்பு நடத்துகிறோம். விலை போடுவது, பில் எழுதுவது, வரவு செலவு எல்லாம் சேர்த்து 48 பக்கக் கையேடு அடித்தோம். ஏடிஎச்டி உள்ள நாலைந்து பேர் வகுப்பில் நன்றாகப் பேசுகிறார்கள். கையேட்டைத் தொடுவதே இல்லை. 20 பக்கமாகச் சுருக்கினால் படிப்பார்களா?

மாட்டார்கள். அவர்களுக்கு விலை போடத் தெரியும். ஆனால் கடைக்காரர் எதிரில் நின்று "எவ்ளோப்பா ஆகும்?" என்று கேட்கிற நொடியில் படித்தது கைக்கு வராது, வாயில் வந்த தொகையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நொந்துகொள்வார்கள். ஏடிஎச்டியில் அடிபடுவது அறிவு அல்ல. நாலு எண்ணை ஒரே நேரத்தில் மனசில் பிடித்து வைப்பது, நேரத்தை மட்டுக்கட்டுவது, சலிப்பான வேலையைத் தொடங்குவது, இந்த மூன்றும்தான் சிரமம். கையேடு படிப்பவரிடம் கேட்பதும் இதே மூன்றைத்தான்.

அதனால் கையேட்டை உங்கள் ஆசிரியர்களுக்கே கொடுத்துவிடுங்கள். மாணவர் கையில் இருக்க வேண்டியது சட்டைப் பையில் போகிற ஒரு கொட்டேஷன் பேட், அதாவது விலை போடுகிற தாள்கள். ஏ6 அளவு, 50 தாள், முதுகில் கெட்டி அட்டை, கிழித்தெடுக்கிற பைண்டிங். ஆர்ட் பேப்பர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் பால்பாயின்ட் வழுக்கும். 100 ஜிஎஸ்எம் கனத்தில் மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதாரண அச்சுத் தாள் போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதம் பார்த்து வாங்கலாம்.

தாளில் விளக்கம் எதுவும் வேண்டாம். நிரப்ப வேண்டிய கட்டங்கள் மட்டும், மேலிருந்து கீழாக. ஒரு கடை ஷட்டர் ஓவியத்தை வைத்துப் பார்ப்போம். அகலம் 10 அடி, உயரம் 8 அடி. 80 சதுர அடி. பெயின்ட், பிரைமர் 1,800 ரூபாய், ஆட்டோ 400, ஏணி வாடகை 300. கைச்செலவு மொத்தம் 2,500. அடுத்த கட்டம்: "எத்தனை மணி நேரம் ஆகும்னு தோணுது?" 8 என்று எழுதுகிறார். அதற்குக் கீழே "x 1.5" என்று முன்பே அச்சிட்டிருக்க வேண்டும், 12 ஆகிறது. அவசரத்தில் நினைவுக்கு வராத திருத்தம் இதுதான், ஆகவே அதைத் தாளே செய்யட்டும். பேச்சுவார்த்தைக்கும் ஸ்கெட்சுக்கும் 3 மணி. ஆக 15 மணி நேரம், மணிக்கு 350 வீதம் 5,250. செலவோடு 7,750. எதிர்பாராததற்கு 10 சதவீதம் சேர்த்தால் 8,525. நூறுக்கு மேலேற்றினால் 8,600. அட்வான்ஸ் பாதி, 4,300. இரண்டு நிமிடத்தில் முடிகிற கணக்கு. கடைக்காரர் முன்னாலேயே எழுதலாம். எழுதுகிற கையைப் பார்த்தால் பேரமும் கொஞ்சம் குறையும்.

அந்த 350 ரூபாய் மணிக்கூலி, வகுப்பில் ஒரே ஒரு முறை கண்டுபிடித்து, பேடின் அட்டையில் மார்க்கரால் எழுதி வைக்க வேண்டிய எண். மாதம் 28,000 தேவை, காசு வருகிற வேலை மாதம் 80 மணி நேரம் என்றால் 350. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மாதம் 200 மணி நேரம் உழைப்பதாக எண்ணி வகுத்தால் 140 வரும். ஆர்டர் தேடுவது, பொருள் வாங்குவது, காத்திருப்பது எல்லாம் அந்த 200-க்குள் இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் காசு தருவதில்லை.

அச்சில் இரண்டு எச்சரிக்கை. எழுத்து 13 பாயின்ட் அளவுக்குக் குறையக் கூடாது. இரு பக்க ஓரத்தையும் சமன் செய்யாமல் இடது ஓரத்தில் மட்டும் நேராக விடுங்கள். தமிழில் சொற்கள் நீளம். சின்னத் தாளில் சமன் செய்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழுந்து கண் வழி தவறும். சொற்களும் பேச்சில் இருப்பவையாக இருக்கட்டும். "முன்பணம்" என்று அச்சிட்டால் அதை "அட்வான்ஸ்" என்று மனசுக்குள் மாற்றிப் படிக்கிற கூடுதல் வேலை.

கொருக்குப்பேட்டையிலிருந்து: ஆளுக்கொரு தேதி போட்ட பிளானர் கொடுத்தோம். முதல் வாரம் கலர் கலராக எழுதினார்கள். மூன்றாவது வாரம் யாருமே கொண்டுவரவில்லை. என்ன தப்பு?

தேதிதான் தப்பு. நாலு நாள் விட்டுப்போனால் நாலு வெற்றுப் பக்கம் முகத்தில் அறைகிறது. ஐந்தாம் நாள் திறக்கவே மனசு வராது. தேதி போடாத தாள் கொடுத்தால் பத்து நாள் கழித்து எடுத்தாலும் அடுத்த தாள் புதுத் தாள்தான்.

இன்னொன்று, மூடி வைக்கிற எதுவும் இவர்களில் பலருக்கு இல்லாத பொருள் மாதிரி. கண்ணில் படுவதுதான் நடக்கும். நோட்டுக்குப் பதில் சுவரில் மூன்று பிளாஸ்டிக் பாக்கெட் மாட்டச் சொல்லுங்கள்: "பேசிட்டிருக்கு", "வேலை நடக்குது", "காசு வரணும்". நிரப்பிய கொட்டேஷன் தாளே பாக்கெட் பாக்கெட்டாக நகரட்டும். நடுப் பாக்கெட்டில் மூன்று தாளுக்கு மேல் போகக் கூடாது. நாலாவது ஆர்டர் வந்தால் தேதி தள்ளிச் சொல்ல வேண்டும். மாட்டுகிற இடம் பெயின்ட் டப்பா வைக்கிற மூலையாகவோ டீ குடிக்க உட்காருகிற இடமாகவோ இருக்கட்டும். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி என்ன பயன்?

வாட்ஸ்அப் குரூப்பில் பாடம் அனுப்புபவர்களுக்கும் இதே பதில்தான். காலை வணக்கங்களுக்கு அடியில் பாடம் புதைந்துவிடும். பின் செய்து வைத்தாலும் 30 நாளில் கழன்றுவிடும் என்பதால், மாதம் ஒருமுறை திரும்பப் பின் செய்ய ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். குரல் பதிவு ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

திருவொற்றியூர்: வகுப்பில் பேசும்போது சிலர் குனிந்து கிறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தடுக்கலாமா?

வேண்டாம். பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜாக்கி ஆண்ட்ரேட், 2009-இல் வெளியான ஆய்வில் 40 பேருக்கு அலுப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். கேட்டுக்கொண்டே வடிவங்களுக்கு நிழலடித்தவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் ஏடிஎச்டிக்காரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. ஆனாலும் கிறுக்குகிற கை கேட்காத காது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அது போதும்.

கவலைப்பட வேண்டியது உங்கள் பேச்சின் நீளத்தைப் பற்றி. 90 நிமிட வகுப்பில் 15 நிமிடம் பேசினால் போதும். அடுத்த 25 நிமிடம் ஆளாளுக்குத் தங்கள் சொந்த ஆர்டருக்கான தாளை நிரப்பட்டும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கணக்கை எழுதுங்கள். வீட்டில் தனியாக மூன்று வாரம் தள்ளிப்போட்ட வேலையை, பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாலே பலரால் தொடங்கிவிட முடிகிறது. பிறகு இடைவேளை, டீ. அதன்பின் இன்னொரு 25 நிமிடம், நிரப்பிய தாளைப் போட்டோ எடுத்து நிஜ வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு. "வீட்டுக்குப் போய் அனுப்புங்க" என்று விட்டால் அது வீட்டுக்கே போகாது, தண்டையார்ப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனிலேயே மறந்துபோகும்.

காப்புரிமை (காப்பிரைட்), ஜிஎஸ்டி, உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு எல்லாம் எந்த வாரம் பாடமாக எடுப்பது? (பெரம்பூர்)

ஜிஎஸ்டி பாடமே எடுக்க வேண்டாம். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம், பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் என்பது பொது வரம்பு. நெருங்குபவர் வந்தால் ஆடிட்டரிடம் அனுப்புங்கள்.

காப்புரிமையைக் கொட்டேஷன் தாளில் இரண்டு கட்டமாக்கிவிடலாம்: "எத்தனை வருஷம்?", "எந்த ஊர் வரைக்கும்?" 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுக்க என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு சின்ன டீ ஷர்ட் கம்பெனிக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுக்க நினைத்தவர், கட்டத்தைக் காலியாக விட்டால் ஐந்து வருஷத்துக்குக் கொடுத்துவிடுகிறார். உத்யம் பற்றிக் கடைசிப் பதிலில் சொல்கிறோம்.

ஏடிஎச்டி சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் தனி வகுப்பு வைக்கலாமா? (காசிமேடு)

சான்றிதழ் கேட்காதீர்கள். பெரியவர்களில் பலர் பரிசோதித்துக்கொண்டதே இல்லை. மேலே சொன்ன பேடும் பாக்கெட்டும் ஏடிஎச்டி இல்லாதவர்களுக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. தனக்கு இருக்குமோ என்று யாராவது கேட்டால் போனில் வருகிற பத்துக் கேள்வி டெஸ்ட்டை நம்பச் சொல்லாதீர்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்பதையும் விசாரித்து மனநல மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

நான் ராயபுரத்தில் இருக்கும் ஓவியர், எனக்கே ஏடிஎச்டி. வேலையை முடித்துவிடுகிறேன். பாக்கி காசு கேட்கத்தான் கூச்சம். தள்ளிப்போட்டே இரண்டு மாதம் ஓடிவிடுகிறது.

நாள் ஆக ஆகக் கூச்சம் கூடும், அதனால் கேட்கிற செய்தியை வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். போனில் ஒரு குறிப்பாக இருக்கட்டும்: "அண்ணா வணக்கம். ___ தேதி முடிச்ச வேலைக்கு மீதி ___ ரூபா இருக்கு. நாளை சாயந்தரத்துக்குள்ள ஜிபே பண்ணிடுங்க. பில் கீழ இருக்கு." மன்னிப்பு, "சிரமம்னா பரவாயில்ல" எதுவும் அதில் வேண்டாம். அட்வான்ஸ் வாங்குகிற அன்றே மூன்று அலாரம் வையுங்கள்: முடிக்கிற நாள், அதிலிருந்து 7-ஆம் நாள், 15-ஆம் நாள். அலாரத்தின் பெயரில் ஆள் பெயரும் தொகையும் இருக்கட்டும்; வெறும் "காசு கேள்" என்று வைத்தால் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவீர்கள்.

கம்பெனிகளுக்கு வேலை செய்வதாக இருந்தால் உத்யம் பதிவை ஆர்டர் எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். அரசு இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளத்தை மூடிவிடுங்கள். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தத்தில் தேதியே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதை வாதாடத் தேவையில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் "45 நாள்" என்ற வரியையும் ரப்பர் ஸ்டாம்ப்பாகச் செய்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பில்லிலும் குத்துங்கள்.