பெரிய டர்போ வாங்கறதுக்கு முன்னாடி லாக் எடுத்துப் பாருங்க

கேள்வி: என் கார் 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், கம்பெனி பவர் 140 பிஎச்பி. 200 வரைக்கும் கொண்டு போகணும். பெரிய டர்போ மட்டும் மாட்டினா போதுமா? கிளட்ச் கம்பெனிதான், 80,000 கிமீ ஓடியிருக்கு.

போதாது. டர்போ பண்றது ஒரே வேலை, காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்றது, அவ்ளோதான். பூஸ்ட், அதாவது அந்த அமுக்கற பிரஷர், எவ்வளவு போகலாம்னு முடிவு பண்றது இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்), நீங்க எவ்ளோ பெருசு மாட்டினாலும் அது வேஸ்ட்கேட்டை (எக்ஸாஸ்ட் கேஸை டர்போவைச் சுத்தவிடாம வெளிய விடற வால்வு) திறந்து பழைய அளவுலயே நிறுத்திடும், அதையும் மீறிப் போனா பவரைக் குறைச்சு ஓட்டற லிம்ப் மோடுக்குப் போயிடும். அப்போ உங்களுக்கு மிச்சம் கீழ் ஆர்பிஎம்ல லேக் (மிதிச்சும் பவர் தாமதமா வர்றது) மட்டும்தான், ஏன்னா பெரிய வீல் சுத்த ஆரம்பிக்கவே நேரம் எடுக்கும்.

200 பிஎச்பிக்கு என்ன வேணும்னு ஒரு தோராயக் கணக்கு பாருங்க. பெட்ரோல் இன்ஜின்ல நிமிஷத்துக்கு ஒரு கிலோ காத்துக்கு சுமார் 22 பிஎச்பி வரும், அப்போ 200க்கு நிமிஷத்துக்கு 9 கிலோ காத்து. ஃபுல் திராட்டில்ல 12 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல்னு வெச்சா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பெட்ரோல் உள்ள போகணும். உங்க இஞ்செக்டர், பம்ப் எல்லாம் 140க்குப் பார்த்து வெச்சது, கொஞ்சம் மிச்சம் விட்டிருப்பாங்க, ஆனா 60 பிஎச்பிக்கு விட்டிருப்பாங்கன்னு நம்பி காசைக் கொட்டாதீங்க. டைரக்ட் இஞ்செக்‌ஷன்னா ஹை பிரஷர் பம்ப்தான் முதல்ல கையை விரிக்கும்.

அதனால முதல்ல இப்போ இருக்கற டர்போலயே ஒரு லாக் எடுங்க, அதாவது ஓடும்போது இசியூ காட்டற அளவுகளைப் பதிவு பண்ணுங்க. பாதுகாப்பான இடத்துல, முடிஞ்சா டைனோல (வண்டியை ரோலர் மேல ஓட்டி பவர் அளக்கற மெஷின்), மூணாவது கியர், 2000ல இருந்து ரெட்லைன் வரைக்கும் ஃபுல் திராட்டில். இசியூ கேட்ட பூஸ்ட், நிஜமா வந்த பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (வேஸ்ட்கேட்டுக்கு இசியூ குடுக்கற சிக்னல் சதவீதம்), உள்ள போற காத்தோட சூடு, இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கற நேரம்), ஃபியூல் ரெயில் பிரஷர், இதெல்லாம் பதியணும். மேல் ஆர்பிஎம்ல வேஸ்ட்கேட் முழுசா மூடியிருந்தும் கேட்ட பூஸ்ட் வரலைன்னா, எங்கயும் ஹோஸ் லீக் இல்லைன்னு பார்த்துட்டு, சரி டர்போவுக்கு மூச்சு வாங்குதுன்னு முடிவுக்கு வரலாம். பூஸ்ட் வருது ஆனா டைமிங்கை இசியூ பின்னாடி இழுக்குதுன்னா நாக் (பெட்ரோல் கட்டுப்பாடு இல்லாம தானா வெடிக்கறது), அங்க டர்போ மாத்தி பிரயோஜனம் இல்ல, சூட்டையும் பெட்ரோல் ஆக்டேனையும் (நாக்கைத் தாங்கற திறன்) கவனிக்கணும்.

சூடுன்னா சாதாரண சூடு இல்ல. 30 டிகிரி காத்தை 1 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினா கம்ப்ரஸர்ல இருந்து 120 டிகிரி தாண்டி வெளிய வரும், சின்ன டர்போவை எல்லை தாண்டி விரட்டினா இன்னும் மேல. சூடான காத்துல ஆக்ஸிஜன் கம்மி, நாக்கும் சீக்கிரம் வரும், அதனால என்னைக் கேட்டா டர்போவுக்கு முன்னாடி, அமுக்கின காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலருக்குத்தான் செலவு பண்ணச் சொல்வேன்.

நல்ல ரீமேப் (இசியூ ப்ரோகிராமை மாத்தறது) மட்டும் போட்டாலே உங்க இன்ஜின் 160, 165 கிட்ட வர வாய்ப்பு இருக்கு, பாதி பேரு அதுலயே திருப்தி ஆயிடுவாங்க. இல்ல 200 தான் வேணும்னா ஹைபிரிட் டர்போ பாருங்க, வெளிய அதே கேஸிங், உள்ள மட்டும் பெரிய வீல், அதனால மேனிஃபோல்டு, பைப் எல்லாம் அப்படியே உக்காரும். எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லதுன்னு மட்டும் போகாதீங்க. ட்யூனர்கிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க, 2000 ஆர்பிஎம்லயே மொத்த டார்க்கையும் கொட்டற மாதிரி மேப் வேண்டாம், பிஸ்டனை கிராங்க்கோட இணைக்கற கனெக்டிங் ராட் வளையறது பெரும்பாலும் அங்கதான். 3000 தாண்டி மெதுவா ஏறட்டும்.

மாட்டும்போது ஆயில் விஷயத்துல அலட்சியம் வேண்டாம், சின்ன டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2 லட்சம் தடவை கிட்ட சுத்துது, சில செகண்ட் காஞ்சு ஓடினாலே பேரிங் காலி. ஆயில் ஃபீட் பைப் புதுசு போடுங்க, ஆயில் இன்லெட்ல கொஞ்சம் ஆயில் ஊத்தி வீலை கையால சுத்தி விடுங்க, அப்புறம் ஃபியூலை கட் பண்ணிட்டு பிரஷர் வர்ற வரைக்கும் கிராங்க் பண்ணிட்டுத்தான் ஸ்டார்ட். ரிட்டர்ன் பைப் கீழ்நோக்கி சரிவா, மடிப்பு இல்லாம இருக்கணும், அந்த கேஸ்கெட்ல சீலன்ட் அப்பற மெக்கானிக்கை உடனே தடுத்துடுங்க, அது உள்ள பிதுங்கி வழியை அடைச்சா ஆயில் சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்ல புகையா வரும், பழி புது டர்போ மேல விழும்.

கிளட்ச் பத்தி சொன்னீங்க. அஞ்சாவது கியர்ல 2000ல இருந்து ஃபுல்லா மிதிங்க, ஆர்பிஎம் குபீர்னு ஏறி ஸ்பீடு அதோட சேர்ந்து ஏறலைன்னா ஸ்லிப் ஆகுது. இப்போ ஸ்லிப் இல்லைனாலும் 80,000 ஓடின கம்பெனி கிளட்ச் 200 பிஎச்பி டார்க்கை ரொம்ப நாள் தாங்காது, அந்தக் காசையும் இப்பவே கணக்குல சேர்த்து வெச்சுக்கோங்க, கூடவே வாரன்ட்டி மிச்சம் இருந்தா அது போயிடும், இன்ஷூரன்ஸ்லயும் மாடிஃபிகேஷனைச் சொல்லியாகணும்.