ஸ்பானிய மொழியில் ‘வெல்கம் அபோர்ட்’ எப்படிச் சொல்வது?

கப்பலிலோ விமானத்திலோ ஏறுபவரையும், குழுவில் புதிதாகச் சேர்பவரையும் வரவேற்க ஆங்கிலத்தில் ‘வெல்கம் அபோர்ட்’ என்பார்கள். அதை ஸ்பானிய மொழியிலும் வேறு சில மொழிகளிலும் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் ‘பியென்பெனிதோ ஆ போர்தோ’. ஆனால் அதை அப்படியே காப்பியடித்து அனுப்பிவிடாதீர்கள், நான் அனுப்பி அசடு வழிந்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்தபோது, ஏதோ பெரிய ஸ்பானியப் புலவன் மாதிரி அந்த வரியையே மெயிலில் தட்டிவிட்டேன். அது ஒற்றை ஆணுக்குச் சொல்வது! ஒரு பெண் என்றால் ‘பியென்பெனிதா’, பெண்கள் மட்டும் பலர் என்றால் ‘பியென்பெனிதாஸ்’, ஆண்கள் பலரோ இருபாலரும் கலந்த கூட்டமோ என்றால் ‘பியென்பெனிதோஸ்’. விமானத்தில் கேட்பது இந்தக் கடைசி வடிவம்தான். அப்புறம், வேலையில் சேர்பவருக்கு ‘ஆ போர்தோ’ என்றாலும் புரியும், ஆனால் ‘அல் எக்கீப்போ’, அதாவது ‘குழுவுக்கு’ என்பது இன்னும் இயல்பாக இருக்கும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. எழுத்தில் வி இருந்தாலும் ஒலி ‘ப’ பக்கம்தான் போகும், அழுத்தம் ‘னி’யில் விழும், ‘தோ’வை ‘அது’வில் வரும் ‘து’ போல மெதுவாகச் சொன்னால் போதும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அதை ‘டோ’ என்று போட்டு உடைப்பார்கள்.

மற்ற மொழிகளில் பிரெஞ்சுக்காரர்கள் ‘பியன்வென்யூ ஆ போர்’ என்பார்கள், எழுத்தில் உள்ள கடைசி ‘ட்’ வாயில் வராது. ஜெர்மனில் ‘வில்கொம்மென் அன் போர்ட்’, ஆண் பெண் தொல்லையே இல்லை. இத்தாலியனில் பலரை அழைக்க ‘பென்வெனூத்தி ஆ போர்தோ’. ரஷ்யனில் ‘தப்ரோ பஷாலவத் நா போர்த்’. எல்லாவற்றிலும் ஒரே ‘போர்ட்’ ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தீர்களா? கப்பலின் பக்கப் பலகையைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல் அது, கப்பலோடு மொழிக்கு மொழி தாவி இப்போது விமானத்திலும் ஏறிவிட்டது.

எனக்குப் பிடித்தது துருக்கியம். அங்கே ‘ஹோஷ் கெல்தினிஸ்’ என்பார்கள், ‘நல்லபடியாக வந்தீர்கள்’ என்ற மாதிரி. கப்பலும் இல்லை, பலகையும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி நகர்ந்துவிடக் கூடாது, ‘ஹோஷ் புல்துக்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும், ‘உங்களை நல்லபடியாகக் கண்டோம்’ என்று.

சரி, மெயில் கதைக்கு வருகிறேன். அந்த இருவரில் ஒருவர் பதில் போட்டார்: “கிராசியாஸ்”, அதாவது நன்றி. கூடவே ஒரு மீசை எமோஜி.